மழை மேல் போட்ட பழி

கிழக்குப் பாலக்காட்டிலும் இடுக்கி மலையிலும் எங்களிடம் கேபிள் இணைப்பு வாங்கியவர்களிடம் நான் பல மாதங்கள் பொய் சொன்னேன். "மழைங்க, அதான்." இவ்வளவுதான் அந்தப் பொய். படம் நின்றால் மழை, இன்டர்நெட் இழுத்தால் மழை. வெயில் காயும் நாளில் யாராவது கேட்டால் "மேலே மழை" என்பேன். மேலே என்றால் எங்கே என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. உண்மைக் காரணம், முதலில் நான் கழற்றச் சொன்ன ஒரு பெட்டி, பிறகு ஸ்விட்ச்சுக்குள் நான் அணைத்து வைத்த ஒரு வசதி. எதற்காக அது இருக்கிறது என்று தெரியாமல் அணைத்தேன். தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. நடுவில் ஒரு பையனின் வேலை போனது.

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி. கம்பம் ஏறி கோஆக்ஸ் கேபிள் இழுக்கும் வேலையில்தான் தொடங்கினேன். அந்தக் காலத்துக் கேபிளில் சிந்திக்க ஒன்றுமில்லை. எல்லா சேனலும் எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பியில் போகும். எதைப் பார்ப்பது என்பது வீட்டுக்காரர் பாடு. சிக்னல் குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் வைப்போம், அதற்கும் குறைந்தால் இன்னொன்று வைப்போம். 2017 மார்ச் 31-ஓடு கிராமப்புறங்களிலும் அனலாக் முடிந்து எல்லா வீட்டிலும் செட்டாப் பாக்ஸ் கட்டாயமான பிறகு, எங்கள் முதலாளி ஃபைபருக்கு மாறினார். டிவியும் இன்டர்நெட்டும் ஒரே கம்பியில், டிவி ஐபி வழியாக. சின்னக் கம்பெனிதான். ஆனால் முதலாளிக்குப் பெரிய கனவு. இடுக்கியில் பூப்பாறைப் பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய கேபிள் லைனையும் வாங்கிப் போட்டார்.

என்னைச் சில நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அச்சடித்த ஒரு கன்ஃபிகரேஷன் தாளும், 'நெட்வொர்க் இன்ஜினியர்' என்று போட்ட விசிட்டிங் கார்டும் என்னிடம் இருந்தன. தாளில் இருந்ததை அப்படியே தட்டச்சு செய்தால் வேலை நடந்தது. ஏன் நடக்கிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துபோகும். கார்டு அச்சடித்து வந்த பிறகு அந்தப் பயம் கூடிவிட்டது.

அப்போது எனக்குத் தெரியாமல் இருந்த விஷயத்தை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு தெருவில் நூறு வீடு. நூறு பேரும் ஒரே நேரத்தில் ஒரே சேனலைப் பார்க்கிறார்கள். ஒரு சேனலுக்கு விநாடிக்கு 2.5 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் மாதிரி ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பினால் 250 மெகாபிட் வேண்டும். மல்டிகாஸ்ட்டில் ஒரே ஒரு பிரதிதான் கிளம்பும், அதே 2.5 மெகாபிட். பாதை பிரியும் இடத்தில் அங்கே இருக்கும் ஸ்விட்ச்சே பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங் இதற்கான விதிகளை 1989 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1112 என்ற ஆவணமாக எழுதினார். 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இன்டர்நெட் பொறியாளர்கள் கூட்டத்தின் பேச்சை மற்ற இடங்களில் இருந்தவர்கள் இந்த வழியில்தான் கேட்டார்கள். 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியின் ஒரு பகுதிகூட இப்படிப் போனது. இனி உலகமே இதில்தான் டிவி பார்க்கும் என்று அன்று நினைத்திருப்பார்கள். நடக்கவில்லை. 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தபோது, ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓடையாகத்தான் போனது. பொது இன்டர்நெட் மல்டிகாஸ்ட்டைக் கைவிட்டுவிட்டது. அது பிழைத்திருப்பது எங்களைப் போல ஒரே ஆளின் கையில் இருக்கும் மூடிய நெட்வொர்க்குகளில். அந்த ஒரே ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் ஸ்விட்ச்சுக்கு ஒரு சங்கடம் உண்டு. எந்த வீடு எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை அது அனுப்புநர் முகவரியைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். ஏழாவது போர்ட்டிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால், அதை அனுப்பியவர் ஏழில் இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளும். மல்டிகாஸ்ட் முகவரிகள், அதாவது 224-இல் தொடங்கி 239 வரை போகும் எண்கள், பெறுநர் இடத்தில் மட்டும்தான் வரும். அனுப்புநராக அவை ஒருநாளும் வருவதில்லை. ஆகவே சாதாரண ஸ்விட்ச் எத்தனை வருடம் ஓடினாலும் எந்த சேனல் யாருக்கு வேண்டும் என்று கற்றுக்கொள்ளவே முடியாது. தெரியாததை எல்லா போர்ட்டிலும் கொட்டிவிடும்.

கொட்டாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செட்டாப் பாக்ஸில் சேனல் மாற்றினால், அது 'இந்தக் குழுவில் சேர்கிறேன்' என்று ஐஜிஎம்பி முறையில் ஒரு சின்னச் செய்தி அனுப்பும். அது ரௌட்டருக்குப் போகும் செய்தி. நடுவில் இருக்கும் ஸ்விட்ச் அதைப் பிரித்துப் படித்து, 12-ஆவது போர்ட்டுக்கு இந்த சேனல் வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு அந்த சேனலை 12-இல் மட்டும் விடும். வேறு யாருக்கோ போகும் கடிதத்தைப் படிக்கிற இந்த வேலைக்கு ஐஜிஎம்பி ஸ்நூப்பிங் என்று பெயர். வெகு காலம் ஒவ்வொரு கம்பெனியும் இதைத் தன் இஷ்டப்படி செய்துகொண்டிருந்தது. எப்படிச் செய்தால் தொல்லை வராது என்று 2006-இல்தான் ஆர்எஃப்சி 4541 வந்தது. அதுவும் ஆலோசனைக் குறிப்புதான், கட்டாய விதி கிடையாது.

சித்தூர் தாலூகாவில் பிறந்தவனுக்கு இது சட்டென்று விளங்கியிருக்க வேண்டும். 1970-இல் கையெழுத்தான பறம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் எங்களுக்கு வர வேண்டும். எங்கள் ஊர் டீக்கடையில் அந்த எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார்கள். அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரியும் இடங்களில் ஷட்டர், ஷட்டருக்கு ஒரு லஸ்கர். எந்தக் கிளைக்கு முறை என்று பார்த்துத் திறப்பது அவர் வேலை. எல்லா ஷட்டரையும் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற லஸ்கரை எங்கள் ஊரில் சும்மா விடமாட்டார்கள். நான் செய்தது அதுதான். ஒரு வித்தியாசம், தண்ணீரைப் பங்கு போட்டால் ஆளுக்குக் குறையும், மல்டிகாஸ்ட்டில் பங்கு போடுவதால் யாருக்கும் ஒரு சொட்டும் குறையாது. திறந்துவிட்டால் மட்டும்தான் கேடு.

ஸ்நூப்பிங்கில் இன்னொரு பாதி இருக்கிறது. என்னைக் கவிழ்த்தது அந்தப் பாதி. யாராவது டிவியைப் பிளக்கோடு பிடுங்கிவிட்டால் 'விலகுகிறேன்' என்ற செய்தி வராது. ஆகவே நெட்வொர்க்கில் ஒருவர் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: யாருக்கு எது இன்னும் வேண்டும்? வழக்கமான அமைப்பில் 125 விநாடிக்கு ஒரு முறை இந்தக் கேள்வி போகும். பதில் சொல்ல 10 விநாடி அவகாசம். இரண்டு சுற்று கேட்டும் பதில் இல்லை என்றால், அதாவது 260 விநாடி கழிந்தால், ஸ்விட்ச் அந்த வரியை அழித்துவிட்டு சேனலை நிறுத்திவிடும். கேள்வி கேட்பவருக்கு க்வெரியர் என்று பெயர். பெரும்பாலும் ரௌட்டர்தான் அந்த வேலையைச் செய்யும்.

முதலாளி சேனல்களை அனுப்பும் புது ஹெட்எண்ட் வாங்கியபோது பழைய ரௌட்டரைக் கழற்றி விற்றுவிட்டோம். நேராக ஸ்விட்ச்சிலேயே இணைத்துவிடலாம், ஒரு பெட்டி மிச்சம் என்று யோசனை சொன்னவன் நான். பூப்பாறையிலும் தனியாக ஒரு சின்ன ஹெட்எண்ட் போட்டு, பாலக்காட்டுக் கன்ஃபிகரேஷனை அப்படியே ஒட்டினேன். மேல் ஸ்விட்ச்சைப் பார்க்கும் போர்ட்டை ரௌட்டர் போர்ட் என்று கையால் எழுதி வைத்ததால், சேரும் செய்திகள் ஒழுங்காக மேலே போயின. சேனல் மாற்றினால் படம் உடனே வந்தது. எல்லாம் சரி. கேள்வி கேட்கத்தான் யாரும் இல்லை. கேள்வி வராததால் பாக்ஸ்களும் பதில் சொல்லவில்லை. நாலு நிமிடம் இருபது விநாடியில் படம் நின்றது.

போன் அடிக்க ஆரம்பித்தது. "ஏனுங்க தம்பி, படம் நின்னுக்குதுங்க" என்று வண்ணாமடையிலிருந்து, எருத்தேம்பதியிலிருந்து. டிஷ் டிவி மழையில் மங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் என் பொய் நின்றது. "மழைங்க."

சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு பாட்டி பேசினார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். "தம்பி, மழ பேயாதப்பவும் நிக்கிதுப்பா. நாலு நிமிசம் ஓடுது, நிக்கிது. வேற சேனலுக்குப் போயிட்டு வந்தா மறுபடி நாலு நிமிசம் ஓடுது. எங்க வீட்டுக் கடியாரத்துல பாத்துட்டேன்."

இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. மழைக்கு நாலு நிமிடக் கணக்கு கிடையாது. ஒரு டைமர் ஓடி முடிகிறது என்பதும், புதிதாகச் சேர்ந்தால் அது மறுபடி தொடங்குகிறது என்பதும் அந்தப் பேச்சிலேயே இருந்தன. க்வெரியர் இல்லை என்ற முடிவுக்கு வர இன்னும் ஒரு படிதான் பாக்கி. நான் சொன்ன பதில்: "பாட்டி, இங்க மேல டிஷ்ஷுல தண்ணி. நாளைக்குச் சரியாயிரும்." அவர் என்னை நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "சரிப்பா" என்றார்.

நாளைக்கு ஆகவில்லை. முதலாளி இரவில் போன் செய்து கத்தினார். ஸ்விட்ச்சுக்குள் போய் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். ஸ்நூப்பிங்கை அணைத்ததும் படம் நிற்பது நின்றுவிட்டது. பாலக்காட்டு ஸ்விட்ச்கள் அனைத்திலும் அணைத்தேன், பூப்பாறையிலும் அணைத்தேன். மறுநாள் முதலாளி தோளில் தட்டி "நீ ஆளு கில்லாடிடா" என்றார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் புகழ்ச்சிக்குப் பிறகு, அணைத்ததில் என்ன நடக்கிறது என்று நான் எப்படிப் போய்ப் பார்ப்பேன்?

நடந்தது எளிது. கோஆக்ஸ் காலத்துக்கே நெட்வொர்க்கைத் திருப்பிவிட்டேன். எல்லா சேனலும் எல்லா வீட்டுக்கும். பாலக்காட்டுப் பக்கம் முழுக்க கிகாபிட் ஃபைபர். எத்தனை சேனலைக் கொட்டினாலும் தாங்கியது. யாரும் எதையும் உணரவில்லை. மலையில் அப்படியில்லை. பூப்பாறையிலிருந்து எஸ்டேட்டுக்கு ஃபைபர் கிடையாது. மேட்டிலிருந்து மேட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, நல்ல நாளில் 150 மெகாபிட் எடுக்கும். லயத்து வரிசையின் மூலையில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு ஸ்விட்ச், ஒவ்வொரு போர்ட்டும் 100 மெகாபிட். 25 சேனல் இருந்தவரை சமாளித்தது. முதலாளி சேனலைக் கூட்டி 40-க்குக் கொண்டுவந்தார். 40-ஐ 2.5-ஆல் பெருக்குங்கள். டிவியே இல்லாத வீட்டின் போர்ட்டும் நாள் முழுக்க யாரும் பார்க்காத சேனல்களால் நிரம்பி வழிந்தது. இன்டர்நெட் பாக்கெட்டுகள் வரிசையில் நின்று கீழே விழுந்தன. அந்த லயத்தில் ஒரு நேரத்தில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு சேனல்தான் பார்ப்பார்கள். ஸ்நூப்பிங் இருந்திருந்தால் ரேடியோவில் 30 மெகாபிட்டோடு முடிந்திருக்கும்.

மலையில் வைஃபை இருந்த வீடுகளில் இன்னும் மோசம். அங்கே மோடத்தை வெறும் பிரிட்ஜாக வைத்திருந்தேன், அதனால் கொட்டிய வெள்ளம் வைஃபைக்குள்ளும் இறங்கியது. வைஃபை மல்டிகாஸ்ட்டைப் பொதுவாக இருப்பதிலேயே குறைந்த வேகத்தில்தான் அனுப்பும். தூரத்தில் இருக்கும் ஓட்டை போனுக்கும் கேட்க வேண்டுமே. 2.4 கிகாஹெர்ட்ஸில் அது சில நேரம் 1 மெகாபிட். யாருக்கும் வேண்டாத ஒரு சேனலே காற்றை அடைத்துக்கொள்ளப் போதும்.

இது நடந்தது 2020, பள்ளிகள் மூடிக் கிடந்த கொரோனா காலம். ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. டிவியில் வந்த வகுப்புகள் மலையாளத்தில். எங்கள் பக்கத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கான வகுப்புகள் யூடியூப் வழியாக வந்தன. மலையாளம் படிக்கிற பிள்ளை டிவியில் பார்த்துக்கொண்டது. தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இன்டர்நெட்தான் கதி, இன்டர்நெட் போகிற வழியில் என் 40 சேனல் குறுக்கே உட்கார்ந்திருந்தது. போன் சிக்னல் எட்டாத லயத்தில், வைஃபை இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் அஞ்சாறு பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அங்கே எங்களுக்கு வேலை பார்த்த பையன் சொன்னான்.

அந்தப் பையனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அந்த லயத்துப் பிள்ளைதான். பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கள் லைன் வேலைக்கு வந்தான். கேபிள் இழுப்பது, பெட்டி மாட்டுவது, ரேடியோ டிஷ்ஷை நேராக்குவது எல்லாம் அவன். ஒருநாள் போனில் சொன்னான்: "அண்ணே, பெட்டியத் தொறந்து பாத்தேன். எல்லா லைட்டும் ஒண்ணுபோல மினுங்குது. டிவிய ஆஃப் பண்ணின வீட்டு லைட்டும் அதே வேகத்துல மினுங்குதுண்ணே. ஏன்?"

நான் ஒரு நிமிடம் பேசவில்லை. அவன் கண்ணால் பார்த்ததுதான் விடை. டிவி அணைந்த வீட்டின் விளக்கு மெதுவாக, எப்போதாவது ஒரு தடவை மினுங்க வேண்டும். எல்லாம் ஒரே தாளத்தில் துடித்தால் எல்லாருக்கும் ஒன்றே கொட்டுகிறது என்று பொருள். எனக்கு அப்போதே உள்ளே ஏதோ இடித்தது. அணைத்தது நான் என்பதும் நினைவுக்கு வந்தது. "அதெல்லாம் அப்படித்தான் இருக்கும். நீ டிஷ்ஷை ஒழுங்கா அலைன் பண்ணு" என்றேன்.

முதலாளியிடம் அதையே கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். மலையில் லிங்க் சரியில்லை, பையன் டிஷ்ஷைச் சரியாகத் திருப்புவதில்லை, மழைக்குப் பிறகு அது ஆடிவிடுகிறது. இதைச் சொன்னபோது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. மழை ரேடியோவை வாட்டுவது ஏறத்தாழ 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேதான். டிஷ் டிவி அந்த உயரத்து அலைவரிசையில் வருவதால் மங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில், அந்தத் தூரத்துக்கு, மழையின் கணக்கு ஒன்றுமே இல்லை. பயிற்சியில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டு வந்த சில விஷயங்களில் அது ஒன்று. அதைத் தெரிந்துகொண்டேதான் மழையைச் சொன்னேன், பையனைச் சொன்னேன்.

ஜூலை மாத மழையில் அவன் ரேடியோக் கம்பத்தில் ஏறி டிஷ்ஷைத் திருப்பினான். சரியாகத்தான் இருந்தது, ஆகவே திருப்பத் திருப்பக் கெட்டது. மறுபடி ஏறிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். நான் பாலக்காட்டில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த கவலை, யாராவது ஸ்விட்ச்சைத் திறந்து பார்த்துவிடுவார்களோ என்பதுதான். முதலாளி அவன் சம்பளத்தில் பிடித்தார். அடுத்த மாதமும் பிடித்தார். அவன் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான்.

அவன் போன பிறகு மலைக்கு ஆள் இல்லை, நானே போக வேண்டி வந்தது. எங்கள் ஊரிலிருந்து இடுக்கிக்குக் குறுக்கு வழியில் போக கேரளாவை விட்டு வெளியே வர வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் செக்போஸ்ட், மறையூர், மூணாறு என்று ஏறிப் போனேன். லயத்துப் பெட்டியில் ஒரு காலி போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி, வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓட்டினேன். நான் எந்தச் சேனலையும் கேட்கவில்லை. 40-உம் வந்து கொட்டின. திரை ஓடிய வேகத்தில் எண்ணைப் படிக்க முடியவில்லை. ஐஜிஎம்பி மட்டும் என்று வடிகட்டிப் பார்த்தேன். ஒரு கேள்விகூட வரவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் வராது.

அன்று இரவு லாட்ஜில் உட்கார்ந்துதான் முதன்முதலாக ஒழுங்காகப் படித்தேன். முன்பே படித்திருந்தால் ஒரு மாலைப் பொழுது போதும். தீர்வு இரண்டு வரி: ஒரு ஸ்விட்ச்சையே க்வெரியராக இயங்கச் சொல்லி, அதற்கு அந்த விலானில் ஓர் ஐபி முகவரி கொடுத்துவிட்டு, ஸ்நூப்பிங்கை மறுபடி போட வேண்டும். முகவரி இல்லாவிட்டால் சில ஸ்விட்ச்கள் 0.0.0.0 என்று போட்டுக் கேள்வி அனுப்பும்; சில பாக்ஸ்கள் அதை மதிக்காது. ஆளில்லாத நேரமாகப் பார்த்து, நள்ளிரவில் மாற்றினேன். பெட்டியைத் திறந்தபோது முக்கால்வாசி விளக்குகள் அமைதியாக இருந்தன. பையன் கேட்டது சரியாகவே இருந்தது.

அதோடும் முடியவில்லை. என் அரைகுறை இன்னும் ஓரிடத்தில் ஒளிந்திருந்தது. தமிழ் சேனல்களுக்கு 239.1.1-இல் தொடங்கும் எண்களும், மலையாள சேனல்களுக்கு 239.129.1-இல் தொடங்கும் எண்களும் கொடுத்திருந்தேன். பார்க்க அழகாக, பிரித்து வைத்த மாதிரி இருக்கும். ஆனால் மல்டிகாஸ்ட் ஐபி எண்ணின் கடைசி 23 பிட்டுகள் மட்டும்தான் ஸ்விட்ச் பார்க்கும் மேக் முகவரிக்குள் போகும், மற்ற பிட்டுகள் விழுந்துவிடும். அதனால் 32 ஐபி எண்களுக்கு ஒரே மேக் முகவரி. டீரிங்குக்கு இன்னும் பெரிய முகவரித் தொகுதி வேண்டியிருந்தது என்றும், தொகுதி ஒன்று ஆயிரம் டாலர் என்பதால் ஜான் போஸ்டல் ஒன்றே ஒன்றை வாங்கி அதிலும் பாதியைத்தான் கொடுத்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். அந்தச் சிக்கனத்தின் விளைவு சின்னக்கானல் வரை வந்தது. 239.1.1.5-உம் 239.129.1.5-உம் மேக் அளவில் ஒன்றே. எங்களுடைய மலிவு ஸ்விட்ச்கள் மேக்கைப் பார்த்துத்தான் பிரித்தன. தமிழ் சீரியல் கேட்ட வீட்டுக்கு அதே எண்ணுள்ள மலையாளச் செய்தியும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. செட்டாப் பாக்ஸ் ஐபியைப் பார்த்து ஒன்றை எறிந்துவிடுவதால் படத்தில் தெரியாது, பாரம் மட்டும் இரட்டிப்பு. எல்லைக்காரர்களுக்கு இது புதிதா என்று தோன்றி எனக்கே சிரிப்பு வந்தது. எண்களை மாற்றினேன்.

பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு கூத்து. ஒரு வீட்டு ரௌட்டர் தானும் கேள்வி கேட்க ஆரம்பித்தது. க்வெரியர் தேர்தலில் சிறிய ஐபி எண் உள்ளவருக்குத்தான் வெற்றி; அந்த வீட்டு எண் என்னுடையதைவிடச் சிறியது. அவர்கள் இரவில் ரௌட்டரை அணைத்தால், என் ஸ்விட்ச் மறுபடி பொறுப்பெடுக்க 255 விநாடி காத்திருந்தது; அது கேட்டுப் பதில் வருவதற்குள் சில வீடுகளில் 260 விநாடி கழிந்து படம் நின்றது. வீட்டுப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளைத் தடுத்தேன், என் எண்ணையும் கீழே இறக்கினேன். அது சின்ன விஷயம், ஒரே நாளில் முடிந்தது. படித்திருந்ததால் முடிந்தது.

முதலாளி கேட்டார், எப்படிடா சரியாச்சு என்று. "ஃபர்ம்வேர் அப்டேட் வந்துச்சு, போட்டேன்" என்றேன். எந்த அப்டேட்டும் வரவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. எல்லாம் ஓடுகிறது, யாருக்கும் கோபம் இல்லை. ஒரே வாக்கியம் போதும்: பையன் மேல் தப்பில்லை. சொன்னால் அடுத்த கேள்வி யார் மேல் தப்பு என்று வரும். கில்லாடி என்ற பெயர் போய்விடும். அதை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

தெரியாமல் அணைத்ததற்காக நான் பெரிதாக வெட்கப்படவில்லை. கோஆக்ஸில் வளர்ந்து ஐபிக்கு வந்த எவனும் அந்தப் பள்ளத்தில் விழக்கூடும். நிறையப் பேர் இன்றைக்கும் விழுகிறார்கள். சிசிடிவி போடுகிற இடங்களில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் பாட்டி கடிகாரம் பார்த்துச் சொன்னதையும் பையன் விளக்கைப் பார்த்துக் கேட்டதையும் நான் காதில் போட்டுக்கொள்ளாததற்குக் காரணம் அறியாமை அல்ல. ஒரு எஸ்டேட் பாட்டிக்கும் லைன் பையனுக்கும் தெரிவது எனக்குத் தெரியாமல் இருக்குமா என்ற திமிர். பாட்டியும் பையனும் பெரிய ஆட்களாக இருந்து, ஆங்கிலத்தில் அதையே எழுதி அனுப்பியிருந்தால், அன்றைக்கே உட்கார்ந்து படித்திருப்பேன்.

அந்தக் கம்பெனி இப்போது வேறு கைக்குப் போய்விட்டது. நானும் வேறு இடத்தில் இருக்கிறேன். புதிதாக வரும் பையன்களுக்கு க்வெரியர் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது, இப்படி ஒரு இடத்தில் நடந்தது என்று உதாரணம் சொல்வேன். அந்த உதாரணத்தில் அணைத்தவன் வேறு யாரோ, கண்டுபிடித்தவன் நான்.

பையனிடம் பேசவில்லையா என்று என் மனைவி மட்டும் கேட்டாள். நம்பர் மாறிவிட்டது என்றேன். மாறவில்லை. போன பொங்கலுக்கு அவன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தான், பார்த்தேன். பிடித்த சம்பளம் எவ்வளவு என்பதும் எனக்கு நினைவில் இருக்கிறது. முதலாளி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியவன் நான்தான். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'வேலையில் அலட்சியம்' என்று எழுதினேன். அதை அவர் சொல்லவில்லை.